கொக்கிமேட்டுப் பெட்டியின் கனம்

கொக்கிமேட்டில் எங்கள் சங்கத்தின் பெட்டி கனக்கத் தொடங்கிய காலையில் யாரும் சாமியாடவில்லை, யாரும் பத்திரிகைக்காரனைக் கூப்பிடவில்லை, ஏனென்றால் எங்கள் ஆட்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர்கள், கனத்தைத் தோள்பட்டையில் வாங்கி வாங்கி அதன் குணம் அறிந்தவர்கள், நேற்று ஒரு கையில் வந்த பொருள் இன்று நான்கு பேருக்கு வரவில்லை என்றால் உள்ளே ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்.

எங்கள் மேடு வரைபடத்தில் இருந்த மேடு அல்ல. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய சேற்றைக் கால்வாய்க் கரையில் கொட்டினார்கள், அந்தச் சேறு காய்வதற்குள் எங்கள் அப்பன்கள் அதன்மேல் ஓலை போட்டார்கள், வேலை முடிந்து வந்து மூட்டைக் கொக்கிகளை வாசல் கம்பில் மாட்டினார்கள், அதனால் கொக்கிமேடு. கோதுமையும் உரமும் கந்தகமும் இவர்கள் முதுகில் ஏறித்தான் நாட்டுக்குள் போயின. நாடு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு, நீங்கள் யார், இங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டது. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஆக்கிரமிப்பு என்று பெயர். அந்தச் சொல்லை எதிர்த்து நான் எழுதிய துண்டறிக்கைகளை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், துண்டறிக்கையில் படித்ததுதான் எல்லாம், அதற்காக எவனிடமும் தலைகுனிந்ததில்லை.

அரசாங்கம் வந்து இடிப்பதும் நாங்கள் திரும்ப வந்து கட்டுவதுமாகவே எங்கள் வயது போனதால், சங்கத்தில் ஒரு விதி வைத்திருந்தோம். ஒரு கை விதி என்று பெயர். சங்கத்துப் பொருள் எதுவாக இருந்தாலும் ஒரே ஆள் ஒரே கையால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் மறு கை குழந்தையை இழுக்க வேண்டும், அல்லது லத்தியைத் தடுக்க வேண்டும். எங்கள் கொடிக்கம்பம் மூன்று துண்டாகக் கழலும். எங்கள் அச்சு எந்திரம் அரிசிப் பானைக்குள் அடங்கும். நாற்காலி வாங்கலாம் என்று ஒருமுறை தீர்மானம் வந்தபோது, நாற்காலி மடங்குமா என்று கேட்டு, மடங்காது என்று தெரிந்து, தரையிலேயே உட்கார்ந்தோம். அந்த விதியை எழுதியவன் நான்.

இந்த முறை வந்தவன் லத்தியோடு வரவில்லை. எங்கள் கல்யாணங்களையும் சாவுகளையும், முதல் மின்கம்பம் நட்ட நாளையும், பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தையும், கிழவர்கள் பேசிய பேச்சையும் படமும் ஒலியுமாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இலவச இடத்தில் போட்டு வைத்திருந்தோம். ஒரு காலையில் உங்கள் கணக்கு விதிகளை மீறியது, மூடிவிட்டோம் என்று இரண்டு வரி வந்தது. எந்த விதி, யார் போட்டது, எங்கே முறையிடுவது என்று எதுவும் இல்லை. நான் எத்தனையோ எதிரிகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் முற்றுகையிட ஒரு வாசல்கூட இல்லாத எதிரியை அன்றுதான் பார்த்தேன்.

அதே வாரம் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் வழக்கறிஞர் ஹசீனா நீதிமன்றத்திலிருந்து நேராக மேட்டுக்கு வந்து, பூங்காவனத்தின் இட்லிக் கடை முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"மேலேருந்து எடுத்த படம் ஒண்ணு காட்டுறாங்க. அதுல இந்த இடம் வெறும் மண்ணு. இங்க ஒரு ஊரு இருந்துச்சு, இருக்குதுன்னு நீங்க காட்டணும். காட்டினா நிக்கலாம். காட்டலைன்னா லாரி வரும்."

"மேலேர்ந்து பாத்தா அவுங்க வூடுகூட மண்ணாத்தான் தெரியும்" என்றாள் பூங்காவனம், இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே.

போனதைத் திரும்பச் சேர்க்க முடியும். வீடு வீடாகப் பழைய செல்போன்களிலும், ஆல்பங்களிலும், கேசட்டுகளிலும் எல்லாம் சிதறிக் கிடந்தது. ஆனால் சேர்த்து எங்கே வைப்பது? இனி எவன் வீட்டுப் பரணிலும் வைப்பதில்லை, நம் வீட்டில் நம் எந்திரம் என்று முடிவானது. அதைச் செய்யக்கூடியவள் ரெபேக்கா. கிரேன் ஓட்டிய ஞானமணியின் மகள், நகரத்து அலுவலகங்களில் கணினி பழுது பார்க்கிறவள், வாய்த்துடுக்கில் மேட்டிலேயே முதல் ஆள், தனக்குத் தெரிந்ததை ஒருநாளும் அடக்கிச் சொல்லாதவள்.

சர்வர் என்றால் என்னவென்று அவள் இட்லிக் கடையைக் காட்டித்தான் விளக்கினாள். "பூங்காவனம் அத்தை எங்கனா போயி இட்லி விக்குதா? ஒரே எடத்துல குந்திங்கீது. வேணும்ன்றவன் வந்து கேப்பான், இது எடுத்துக் குடுக்கும். அதான் சர்வர். சின்னதா, வூட்டுல வைக்கிற மாதிரி, நானே பார்ட்ஸ் வாங்கி மாட்டித் தர்றேன்."

ஆனால் எங்கள் சங்கத்தில் ஒரு விளக்கு வாங்கினாலும் கூட்டம் போட்டுத்தான் வாங்குவோம். எனவே கொக்கிமேட்டின் பெட்டி, பாகம் பாகமாக, இட்லி ஆவியின் நடுவே, கைதூக்கி வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிராசஸர் பெரியதாக இருக்கட்டும் என்றான் ஆட்டோ டில்லிபாபு, எதையும் பெரியதாகக் கேட்பது அவன் வழக்கம். ரெபேக்கா அவனைக் கிழித்தாள். "அது இன்னா ராக்கெட்டா வுடப்போவுது? எடுத்து வைக்கப்போவுது, கேட்டா குடுக்கப்போவுது. கம்மியா கரண்ட் குடிக்கிறது போதும், நம்ம மேட்டுல கரண்ட் வர்ற லட்சணத்துக்கு." அது சரியென்று கை தூக்கினோம். மதர்போர்டு உள்ளங்கையளவு, தூக்கினோம். மெமரியில் தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் ஒரு வகை உண்டு, விலை கூட, ஆனால் பல வருடம் கிடக்கப்போகும் பொருளுக்கு அதுதான் நல்லது என்றாள். தன் பிழையைத் தானே திருத்துகிற ஒன்றை எந்தக் கட்சியிலும் நான் பார்த்ததில்லை, பார்த்துவிட்டாவது சாகிறேன் என்று சொல்லி இரண்டு கையையும் தூக்கினேன்.

ஹார்ட் டிஸ்க் இரண்டு, இரண்டிலும் ஒரே விஷயம், ஒன்று செத்தால் மற்றது பேசும். அதையும் இரண்டு வெவ்வேறு கடையில் வாங்க வேண்டும் என்றாள். ஒரே நாளில் ஒரே ஈட்டில் செய்தவை ஒரே நாளில் கெட்டுத் தொலைக்குமாம். உப்புக்காற்றுக்கு அஞ்சி மெதுவாகச் சுற்றும் பெரிய ஃபேன். பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது, அது கெட்டால் கூட இருப்பவர்களையும் கொன்றுவிட்டுத்தான் சாகும். எல்லாவற்றுக்கும் கை தூக்கினோம். கேபினட்டில் வந்து நின்றது சண்டை.

"தேசிங்கண்ணே, பெரிய கேபினட் வாங்கினா நாளைக்கு இன்னும் நாலு டிஸ்க்கு சொருவலாம். சின்னதுல காத்து போவாது, சூடு ஏறும், டிஸ்க்கு பொட்டுனு பூடும்."

"பெருசை யாரு தூக்கினு ஓடுறது?"

"எதுக்கு ஓடணும்?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து ஓடிங்கீறோம், எதுக்குன்னு கேக்குறா பாரு."

"ஓடாத பொருளா ஒண்ணே ஒண்ணு இருந்தா சங்கத்துக்கு இன்னா கொறஞ்சிடும்?"

நான் ஒரு கை விதியை எழுந்து நின்று ஒப்பித்தேன். கூட்டம் என் பக்கம் கை தூக்கியது. ரெபேக்கா கையிலிருந்த சாம்பார்க் கரண்டியைத் தரையில் போட்டுவிட்டுப் போய், மறுநாள் தானாகத் திரும்பி வந்து, "வாங்க, கடைக்குப் போலாம், சின்னதையே வாங்கித் தொலைக்கலாம்" என்றாள்.

கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "கேமிங்கா சார்? கலர் கலரா லைட்டு எரியிற ஃபேன் கீது, போட்டுடலாமா?" என்றார். "எரியிறது எங்ககிட்டயே நெறைய கீது, நீங்க சும்மா சுத்துறதைக் குடுங்க" என்றாள் ரெபேக்கா. டிபன் கேரியர் பருமனில் ஒரு கேபினட் கிடைத்தது. அதற்குக் கைப்பிடி இல்லை. மேட்டுக்கு வந்ததும், என் தோளின் பாதி ஆயுளைத் தின்ற என் மூட்டைக் கொக்கியை எடுத்துக் கொடுத்து, அதை வளைத்துப் பெட்டியின் தலையில் பற்றவைக்கச் சொன்னேன். எல்லோர் முன்னாலும் பெட்டியை ஒரு கையால் தூக்கி, இட்லிக் கடையை ஒரு சுற்று ஓடிக் காட்டினேன். கை தட்டினார்கள். பூங்காவனம் தன் மாவரைக்கும் எந்திரத்துக்கு மேல் ஒரு பலகை அடித்து, அங்கே அதைக் குடி வைத்தாள்.

பிறகு ஊர் வரிசையில் நின்றது. சிலர் செல்போனோடு வந்தார்கள், சிலர் துணியில் சுற்றிய ஆல்பத்தோடு, சிலர் வாயோடு மட்டும் வந்தார்கள், அவர்கள் சொன்னதை ரெபேக்கா பதிவு செய்தாள். கூரை மாற்றிய படம் பெட்டிக்குள் போயிற்று, குழாயடிச் சண்டை போயிற்று, கந்தக மூட்டை தூக்கிக் கண் போன தங்கவேலின் சிரிப்பு போயிற்று, பிரசவத்துக்குப் படகில் போன கதை போயிற்று. மறுநாள் காலையில் பலகை முறிந்து பெட்டி தரையில் நின்றது. ஒரு கீறலும் இல்லை, ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கொக்கியைப் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை.

டில்லிபாபுவின் அப்பா லோகநாதன் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை ஆட்டிப் பார்த்தே எத்தனை பேர் தேவை என்று சொல்லும் மேஸ்திரி. அவர் வந்து குந்தி, இரண்டு கையாலும் பெட்டியை அசைக்கப் பார்த்து, முகவாயைத் தடவி, "ஆறு ஆள் சரக்கு" என்றார். மாலையில் திரும்ப வந்து பார்த்து, "இது கிரேன் சரக்கு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் மேடு அந்தக் கனத்தோடு வாழப் பழகியது.

எது கனம், எது கனமில்லை என்பது ஊருக்குப் பிடிபடச் சில நாள் ஆனது. சினிமாப் பாட்டு ஏற்றினால் பெட்டி அசையவில்லை. டில்லிபாபு தன் பைக் பந்தய வீடியோக்களை மொத்தமாக ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பார்த்தான், ஒரு குன்றிமணி கூடவில்லை. அவன் முகம் தொங்கிப்போய், பிறகு யாருக்கும் சொல்லாமல், செத்துப்போன தன் தம்பி சைக்கிள் கற்றுக்கொண்ட ஒரு மங்கல் படத்தை ஏற்றினான், பெட்டி தரையில் ஒரு விரல் இறங்கியது. ஓட்டு கேட்க வந்த ஒருவர் எங்கள் மேட்டில் நின்று பட்டா தருவதாகச் சொன்ன பேச்சை ஏற்றியபோது பெட்டி லேசாகித் தரையை விட்டு எழும்பப் பார்த்தது, அலறி அதை அழித்தார்கள். பெண்கள் அரிசி புடைக்கும்போது யாருடைய ஞாபகம் கனமானது என்று வம்பளந்தார்கள். மாமியார் சொன்னதற்கும் மருமகள் சொன்னதற்கும் எடை பார்த்துச் சண்டை தீர்த்தார்கள். மாநகராட்சிப் பள்ளி அறிவியல் ஆசிரியர் வந்து பார்த்து, இது இயற்கைக்கு மாறானது என்று சொல்ல முடியாது, பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம் என்றார். பாதிரியாரும் பூசாரியும் ஆளுக்கொரு முறை வந்து, தங்கள் துறை இல்லை என்று போனார்கள்.

என் துண்டறிக்கைகளை எல்லாம் படம் எடுத்து ஏற்றினேன். ஒரு முருங்கைக்காயின் எடைகூட ஏறவில்லை. ரெபேக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆனால் நான் அந்த வரிகளை மைக்கில் படித்தபோது பின்னால் நின்ற ஜனங்கள் திருப்பிப் போட்ட முழக்கம் ஒரு பழைய கேசட்டில் இருந்தது, அதை ஏற்றியபோது கடையின் தரை ஓடு இரண்டாகப் பிளந்தது. எழுதியவனைவிடக் கூவியவர்கள் கனம் என்றால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. வருத்தமில்லை என்றுதான் அன்றைக்கும் சொன்னேன்.

எனக்கு வேறு கவலை. லாரி வரும். வந்தால் இதை எப்படித் தூக்குவது? ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பார்த்தோம், அந்தச் சின்னக் குச்சி ரெபேக்காவின் கைப்பையின் அடியைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்து பாதி புதைந்தது. கூட்டம் போட்டேன். வழக்குக்குத் தேவையில்லாததை அழித்துவிடலாம், எடை குறையும், ஒரு கைக்குத் திரும்ப வரும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன்.

"எதை அழிக்கணும்னு நீங்களே சொல்லுங்கண்ணே" என்றாள் ரெபேக்கா. "தங்கவேலு சிரிப்பையா?"

யாரும் கை தூக்கவில்லை. ஆதரவாகவும் இல்லை, எதிராகவும் இல்லை. வாழ்நாளில் என் தீர்மானம் ஒன்று காற்றில் நின்றது அன்றுதான். பூங்காவனம் மட்டும், "தேசிங்கு, நீ ஓடு. அது இருக்கும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள், விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற அவர்களுடைய பழைய கெட்டிக்காரத்தனத்தோடு, அவர்கள் காலை இட்லி நேரத்துக்கு வந்தார்கள். லாரிகள், போலீஸ், ஒரு பொக்லைன், அதற்கு முன்னால் ஜீப்பில் ஒரு செயற்பொறியாளர். என் உடம்பு விதியை மறக்கவில்லை. கடைக்குள் ஓடி, கொக்கியை ஒரு கையால் பிடித்து இழுத்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. திரும்ப இழுத்தேன். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"வுடுண்ணே" என்றான் டில்லிபாபு மெதுவாக. "அது வராது. அது வர்ற சரக்கு இல்ல."

அந்தச் சொல் என் காதில் விழுந்த விதம் எனக்கே விளங்கவில்லை. எத்தனை வருடம், எத்தனை ஓட்டம், எந்தப் பொருளும் ஒரு தடவைகூட என்னிடம் நான் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. கொடி வந்தது, எந்திரம் வந்தது, நாங்களும் வந்தோம், கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வந்தோம். நான் கொக்கியை விட்டுவிட்டு, திரும்பி, பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"பெரியவரே, எழுந்திருங்க" என்றார் செயற்பொறியாளர். "அந்தப் பெட்டிதான் கோர்ட்டுல காட்டப்போற பெட்டின்னு சொன்னாங்க. அதைப் பத்திரமா நாங்க எடுத்து வைக்கிறோம்."

"எடுங்க" என்றேன், எழுந்து வழிவிட்டேன். "தாராளமா எடுங்க."

ஒரு கான்ஸ்டபிள் ஒரு கையால் முயன்றார். சிரிப்பு கிளம்பியது. நான்கு பேர் முயன்றார்கள். லோகநாதன் மேஸ்திரி தொழில் மரியாதையோடு, "இடுப்பு புடிச்சிக்கும் தம்பி, குனியாத, கால மடக்கு" என்று சொல்லிக்கொடுத்தார். பெட்டி வரவில்லை. பொக்லைனைக் கொண்டுவரச் சொன்னார்கள். கடையின் முன்தட்டியைப் பிய்த்துக்கொண்டு அதன் கை உள்ளே வந்து, என் கொக்கியில் தன் பல்லை மாட்டி இழுத்தது. கொக்கி வளையவில்லை, பெட்டி நகரவில்லை, பொக்லைனின் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பி, மூக்கை எங்கள் மண்ணில் குத்திக்கொண்டு, கும்பிடு போடுவதைப் போல அந்த வண்டி குனிந்து நின்றது.

பூங்காவனம் இட்லித் தட்டை இறக்கினாள். "நாஸ்டா துன்றவங்க துன்னலாம்" என்றாள் பொதுவாக.

பொக்லைன் ஓட்டுநர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. யாரையும் பார்க்காமல் செல்போனை எடுத்து ரெபேக்காவிடம் நீட்டினார்.

"எங்க வூட்டையும் இந்த மாதிரி வண்டிதாம்மா இடிச்சிது. ஆத்தோரம். எங்கம்மா வாசல்ல கோலம் போடுற படம் ஒண்ணு கீது. இதுல போடுவீங்களா? நாங்க இந்த ஊரு இல்ல."

"போடு" என்றேன் நான். "ஊரு பாத்து எடை போடாது இது."

ரெபேக்கா ஏற்றினாள். பெட்டி தரையில் இன்னொரு விரல் இறங்கியது. அதோடு கால்வாய்க் கரை முழுவதும் லேசாக அதிர்ந்து, லாரிகளின் டயர்கள் அச்சு வரைக்கும் மண்ணில் அமிழ்ந்தன. செயற்பொறியாளர் ஜீப்பிலிருந்து யாருக்கோ போன் செய்தார், பேசப் பேசக் குரல் இறங்கியது. மாலையில் வண்டிகளை இழுக்க எங்கள் ஆட்கள்தான் வேண்டியிருந்தார்கள், மூட்டைக் கூலி பேசி வாங்கிக்கொண்டுதான் இழுத்தோம்.

மறுநாள் நீதிமன்றத்துக்குப் பெட்டி போகவில்லை. போகவேண்டிய அவசியமும் இல்லை என்று ரெபேக்கா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள், நான்தான் காதில் வாங்கவில்லை. ஹசீனா ஒரு இணைய முகவரியைக் கொடுத்தார், நீதிபதி தன் மேசையில் இருந்தபடியே எங்கள் பெட்டியைக் கேட்டார், பெட்டி இருந்த இடத்தில் இருந்தபடியே எடுத்துக் கொடுத்தது. முதல் படம் திறந்தபோது மேசை முனகியதாம். தங்கவேலின் சிரிப்பு வந்தபோது அதன் ஒரு கால் முறிந்ததாம். அரசு வழக்கறிஞர் அந்த மேலிருந்து எடுத்த படத்தை எடுத்து நீட்ட, நீதிமன்றத்து ஃபேன் காற்றில் அது பறந்துபோய் ஜன்னலுக்கு வெளியே விழுந்ததாம். மறு உத்தரவு வரும் வரை மேட்டில் கை வைக்கக்கூடாது என்று சொல்லி, மேசையைச் சரி செய்யும் வரை வழக்கைத் தள்ளி வைத்தார்கள்.

மறு உத்தரவு வரும். அவர்களும் வருவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நான் அவ்வளவு எளிதில் ஏமாறுகிறவன் அல்ல.

அன்று மாலை இரும்பு அறுக்கும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பொக்லைனுக்கு வளையாத கொக்கி எனக்கு மெல்ல மெல்ல அறுந்து கொடுத்தது.

"கைப்புடி இல்லாம அப்புறம் எப்டிண்ணே தூக்குறது?" என்றாள் ரெபேக்கா, தெரிந்துகொண்டே.

"யாரு தூக்கப்போறது?" என்றேன்.

பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது, தரையில் முக்கால்வாசி புதைந்து, மொட்டைத் தலையோடு, ஃபேனை மெதுவாகச் சுற்றிக்கொண்டு. பிய்ந்துபோன முன்தட்டிக்குப் பதிலாகக் கடைக்கு மரக்கதவு ஒன்று போட்டோம், எங்கள் மேட்டில் முதல் மரக்கதவு, மடங்காது, கழலாது. அதில் என் கொக்கியை அறைந்திருக்கிறோம். இனி எங்களிடம் எதையாவது கேட்க வருகிறவர்கள், யாராக இருந்தாலும், அதைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே வர வேண்டும்.